அண்ணனின் எடை ஏன் கூடியது? மாரத்தானுக்கு முந்திய ஏழு நாள்

உங்கள் அண்ணன் நாளை கோலாலம்பூர் மாரத்தானில் ஓடப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதமாகப் பயிற்சி செய்தவர், இந்தக் கடைசி வாரத்தில் மட்டும் பயிற்சியைக் குறைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை எடைக் கருவியில் ஏறி நிற்கிறார். போன வாரம் 60 கிலோ இருந்தவர் இன்று 61 கிலோ.

"சும்மா இருந்து கொழுத்துவிட்டேன். இன்று எனக்குச் சோறு வேண்டாம். சாயங்காலம் 15 கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறேன்" என்கிறார்.

அவரைப் போக விடுவீர்களா, தடுப்பீர்களா? பதிலை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் முடிவில் சரிபார்ப்போம்.

எரிபொருள் கணக்கு

மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். ஓடும்போது ஒருவர் தம் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 1 கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 × 42.195 என்று பெருக்கினால், ஏறத்தாழ 2,530 கிலோகலோரி தேவை.

இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுகிறது. மிஞ்சும் குளுக்கோஸை உடல் சங்கிலியாகக் கோத்து, கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். 1 கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் 500 கிராமுக்கு 2,000 கிலோகலோரி.

2,000ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 33. அதாவது, கிளைகோஜனை மட்டும் நம்பினால் 33ஆவது கிலோமீட்டரில் கையிருப்பு தீர்ந்துவிடும். மாரத்தான் ஓடியவர்கள் "30 கிலோமீட்டருக்குப் பிறகு சுவரில் மோதியது போல் இருந்தது" என்று சொல்வது இதனால்தான். கால்கள் கனக்கும், தலை சுற்றும், ஓட்டம் நடையாகிவிடும்.

உடலில் கொழுப்பும் உண்டே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஒல்லியானவரிடம்கூடப் பல பத்தாயிரம் கிலோகலோரி அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அதுவும் எரிகிறது. ஆனால் கொழுப்பிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் கிடைக்கும். அதே ஆற்றலுக்கு அதிக ஆக்சிஜனும் தேவை. கொழுப்பை மட்டும் வைத்து வேகமாக ஓட இயலாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கைத் தசையில் உள்ள கிளைகோஜனைக் கால் தசை கடன் வாங்க முடியாது. குளுக்கோஸை இரத்தத்தில் விடுவிக்கத் தேவையான நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. ஆகவே, கால் தசையின் கையிருப்பைக் கால் தசையில்தான் நிரப்ப வேண்டும்.

இருவர், ஒரு சைக்கிள்

அதை எப்படி நிரப்புவது? 1966ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் உடலிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவராக அமர்ந்து, ஒற்றைக் காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தார்கள். மற்றொரு கால் ஓய்வில் இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவை உண்டார்கள். இரு கால்களிலிருந்தும் ஊசியால் சிறு தசைத் துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள்.

உணவு ஒன்றுதான், உடலும் ஒன்றுதான். ஆனால் மிதித்த காலில் சேர்ந்த கிளைகோஜன், ஓய்ந்திருந்த காலைவிட ஏறக்குறைய இரு மடங்கு! உழைத்த தசை, உழைப்பு நின்றபின் நல்ல உணவு கிடைத்தால் வழக்கத்தைவிட அதிகமாகச் சேமிக்கிறது. கடைசி வாரத்தின் இரகசியம் இதுதான்.

ஏன் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்?

பயிற்சியின்போது தசைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. ஓய்வில்தான் அவை சீராகின்றன. புதிய மைட்டோகாண்ட்ரியாக்களும் இரத்த நுண்குழாய்களும் உருவாகப் பல வாரம் ஆகும். எனவே, கடைசி நாள்களில் ஓடும் நீண்ட ஓட்டத்தின் பயன் போட்டி நாளுக்குள் வந்து சேராது. களைப்பு மட்டும் வந்து சேரும். மறுபுறம், ஒரு வாரம் ஓட்டத்தைக் குறைப்பதால் உடல்திறன் சொல்லும்படி குறைந்துவிடாது.

இதனால்தான் கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைக்கிறார்கள். அதேவேளை, இடையிடையே சிறிது தூரம் வழக்கமான வேகத்தில் ஓடி, கால்களின் பழக்கத்தைக் காத்துக்கொள்கிறார்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

போட்டிக்கு முந்திய ஒன்றரை, இரண்டு நாள்களில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம்வரை மாவுச்சத்து உண்ணலாம் என்பது விளையாட்டு உணவியல் நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 600 கிராம். ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம் இருக்கும். அப்படியென்றால் 13 கோப்பைச் சோறு! அவ்வளவையும் சோறாகவே உண்ண முடியாது. இட்லி, ரொட்டி, மீ, வாழைப்பழம், பழச்சாறு என்று பிரித்து உண்ண வேண்டும்.

நாசி லெமாக்கும் மாவுச்சத்துதானே? ஆம். ஆனால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு செரிக்க நேரமாகும். காரமான சம்பல் வயிற்றைக் கலக்கலாம். அதை ஓடி முடித்தபின் வைத்துக்கொள்ளலாம். புதிய உணவு, புதிய காலணி இரண்டையும் போட்டி நாளில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

தண்ணீர் அதிகமானாலும் ஆபத்து

நம் நாட்டு வெப்பத்தில் ஓடுபவர்கள், "எவ்வளவு முடியுமோ அவ்வளவு தண்ணீர் குடி" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது உயிருக்கே ஆபத்தான அறிவுரை.

இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் சோடியம் இருக்க வேண்டும். வியர்வையில் உப்பு வெளியேறும் வேளையில், தேவைக்கு மேல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தம் நீர்த்துப்போகும். பிறகு நடப்பது நீங்கள் படித்த சவ்வூடு பரவல்தான். நீர் இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் புகும். உயிரணுக்கள் வீங்கும். மற்ற உறுப்புகள் விரிய இடமுண்டு. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு இடமில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று நிலைமை மோசமாகும்.

2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகமாக இருந்தது. விளையாட்டுப் பானங்களிலும் இரத்தத்தைவிடச் சோடியம் மிகக் குறைவு. எனவே, அவற்றையும் அளவின்றிக் குடிக்கக் கூடாது.

தாகத்திற்கு ஏற்பக் குடிப்பதே நல்ல வழி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நீர் போதுமானது.

முந்திய இரவு

நம் நாட்டில் வெயிலுக்குப் பயந்து மாரத்தானை விடியுமுன்பே தொடங்கிவிடுகிறார்கள். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகவே, தொடக்க நேரம் அதிகாலை ஆகிறது. வாரம் முழுவதும் சற்று முன்னதாகவே உறங்கிப் பழக வேண்டும். கடைசி இரவில் பதற்றத்தால் தூக்கம் வராவிட்டாலும், முந்திய இரவுகளில் நன்றாகத் தூங்கியவர் கவலைப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் உறுதி. காய்ச்சல் இருந்தால் ஓடக் கூடாது. கிருமித் தொற்றின்போது கடுமையாக உழைத்தால் இதயத் தசையும் பாதிக்கப்படலாம். நான்கு மாதப் பயிற்சி வீணாகிறதே என்று தோன்றும். அடுத்த ஆண்டும் மாரத்தான் வரும்.

அண்ணனுக்குப் பதில்

இப்போது எடைக் கருவிக்குத் திரும்புவோம். 1 கிராம் கிளைகோஜனைச் சேமிக்கும்போது உடல் அதனுடன் சுமார் 3 கிராம் நீரையும் சேர்த்து வைக்கிறது. அண்ணனின் தசைகளில் கூடுதலாக 250 கிராம் கிளைகோஜன் சேர்ந்திருந்தால், அதனுடன் 750 கிராம் நீர். மொத்தம் 1,000 கிராம்.

கூடிய அந்த ஒரு கிலோ, பெரும்பாலும் 33ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு அவருக்குத் தேவைப்படும் எரிபொருளும் அதனுடன் சேர்ந்த நீரும்தான். இன்று சோற்றைத் தள்ளிவிட்டு 15 கிலோமீட்டர் ஓடினால், நிரப்பிய தொட்டியை அவரே காலி செய்துவிடுவார். ஆகவே, காலணியை ஒளித்து வையுங்கள், சோற்றைப் பரிமாறுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. 75 கிலோ எடையுள்ள அப்பா மாரத்தான் ஓடினால் எத்தனை கிலோகலோரி தேவை?

2. உங்கள் பள்ளிக் குறுக்கோட்டம் 4 கிலோமீட்டர் என்றால், உங்கள் எடைக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும்? அதற்காக முந்திய நாள் 13 கோப்பைச் சோறு உண்ண வேண்டுமா? காரணத்துடன் விளக்குங்கள்.