அடிமட்டத்தில் ஒரு கோடு பிசகினால்



கொழுந்து நிறுக்கும்போது தராசை எத்தனை கண்கள் பார்க்கின்றன என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். அரைக் கிலோ குறைந்தாலும் அந்த இடத்திலேயே கேட்டுவிடுகிறோம். ஆனால் அடிமட்டத்தையும் அளவு நாடாவையும் பார்க்கும்போது அந்தக் கவனம் வருவதில்லை. வீட்டு வேலை, காணிப் படம், பிள்ளையின் உயரம் என்று நீளம் அளக்க வேண்டிய காரியங்கள் நமக்கு நிறைய இருப்பதால், இம்முறை அடிமட்டம் வாசிப்பதைப் பற்றிப் பேசுவோம்.

பிள்ளையின் அடிமட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் நுனிக்கும் 0 கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருக்கும். பொருளின் ஓரம் நுனியில் அல்ல, 0 கோட்டில்தான் இருக்க வேண்டும். நுனியில் வைத்தால் அந்த இடைவெளி அளவுக்குக் கணக்குக் குறையும். சில பிள்ளைகள் 1 என்ற இலக்கத்தில் தொடங்குகிறார்கள். அப்போது 1 கூடிவிடும். நுனி உடைந்த அடிமட்டம் என்றாலும் தூக்கி எறியத் தேவையில்லை. 5இல் தொடங்கி 17.3இல் முடிந்தால், 5ஐக் கழித்து 12.3 சென்ரிமீற்றர் என்று எழுதலாம். கழிக்கத்தான் மறக்கக் கூடாது.

அடுத்தது சின்னக் கோடுகள். சென்ரிமீற்றர்ப் பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் 10 பங்காகப் பிரிந்திருக்கும். ஒரு பங்கு 1 மில்லிமீற்றர். அங்குலப் பக்கத்தில் 10 பங்கு இல்லை. 8 அல்லது 16 பங்குதான். பாஸ்மார் 'நூல்' என்று சொல்வது எட்டில் ஒரு பங்கை. 3 அங்குலமும் 4 நூலும் என்றால் மூன்றரை அங்குலம், அதை 3.4 என்று எழுதினால் பிழை. ஆகவே வாசிப்பதற்கு முன்னால் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பங்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீற்றர்.

நாம் அதிகம் காண்கிற பிழை வேறொன்று. 10 அடி 6 அங்குலத்தைக் கடதாசியில் 10.6 என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அடிக்கு 12 அங்குலம் அல்லவா? 6 அங்குலம் அரை அடி. அதனால் அது 10.5 அடி. 10.6 அடி என்றால் 10 அடி 7 அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே போய்விடும். கூரைத் தகடு ஓர் அங்குலம் நீளமாக வந்தால் வெட்டலாம். குறைவாக வந்தால் ஒட்ட முடியுமா? வெட்டிய கண்ணாடியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டார். மஸ்கெலியாவுக்குப் பஸ் பிடித்துப் போய்வந்த காசும் போச்சு. புள்ளி வைக்காமல் அடி, அங்குலம் என்று எழுத்தாலேயே எழுதுங்கள்.

இரும்பு நாடாவின் நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடும். பழுதாகிவிட்டது என்று அதைத் தட்டி இறுக்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது பழுதில்லை, செய்யும்போதே அப்படித்தான் செய்வார்கள். பலகையில் மாட்டி இழுக்கும்போது வெளியே வரவும், சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே போகவும் கொக்கியின் தடிப்பளவுக்கு அது நகர வேண்டும்.

கண்ணையும் கோட்டுக்கு நேரே வைக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால், முக்கியமாகத் தடிப்பான மர அடிமட்டத்தில், பக்கத்துக் கோடுதான் தெரியும். அடிமட்டத்தை நிமிர்த்தி, கோடுகள் பொருளைத் தொடும்படி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகளின் உயரத்தில் இது விளையாட்டுக் காரியம் அல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 பேர். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுப்படி, 2 வயது நிறைந்த ஆண் பிள்ளை நின்ற நிலையில் 81.0 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அந்தக் கணக்கில் சேரும். 80.5 உயரமுள்ள பிள்ளையை 81.5 என்று வாசித்தால், கவனிக்க வேண்டிய பிள்ளை கவனிக்கப்படாமல் போகும். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். அளப்பவர் குனிந்து, கோட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவர வேண்டும். 2 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் அளப்பார்கள். படுத்த அளவு நின்ற அளவை விட ஏறக்குறைய 0.7 சென்ரிமீற்றர் கூடுதலாக வரும். அதனால் மருத்துவமாது பதிவேட்டில் எழுதும்போது, 'படுக்க வைச்சா, நிக்க வைச்சா அளந்தீங்க?' என்று தாய்மார் தாராளமாகக் கேட்கலாம்.

காணிப் படம் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். 7 பேர்ச் என்பது 1,905 சதுர அடியும் முக்காலும். படத்தில் 1:500 என்று போட்டிருந்தால், தாளில் 1 மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 50 சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட 1 அடி 8 அங்குலம். ஒரு கோடு தப்பாக வாசித்துவிட்டு அடுத்த வீட்டாரோடு வேலிச் சண்டைக்குப் போகலாமா? போட்டோப் பிரதியில் அளக்கவே வேண்டாம், அது சுருங்கியோ பெருத்தோ இருக்கலாம். எழுதியிருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். எல்லை சந்தேகமென்றால் நில அளவையாளரைத்தான் கேட்க வேண்டும்.

பிள்ளைகளே, உங்கள் அளவு சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் ஏ4 தாளை எடுத்து அகலத்தையும் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். 21.0 சென்ரிமீற்றரும் 29.7 சென்ரிமீற்றரும் வர வேண்டும். வெறும் 21 என்று எழுதாமல் 21.0 என்று எழுதினால்தான் மில்லிமீற்றர் வரைக்கும் பார்த்தீர்கள் என்று வாத்தியாருக்குத் தெரியும். 22.0 வந்திருந்தால் எங்கே தொடங்கினீர்கள் என்று பாருங்கள். 20.5 வந்திருந்தால் அடிமட்டத்தின் நுனியைப் பாருங்கள்.