பாத்திரம் பளபளக்குது, மெஷின் ஏன் நாறுது?

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனா, அம்மா மறுபடியும் சிங்க் முன்னாடி நின்னு பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்தாங்க. அவங்க மணிக்கட்டு வலிக்காகத்தான் போன வருஷம் டிஷ்வாஷரே வாங்கினோம். "கதவைத் திறந்தாலே மீன் வாடைடா, அதுல கழுவின தட்டுல யாரு சாப்பிடுறது?"ன்னாங்க. ஃபைனல் இயர் மெக்கானிக்கல் படிச்சுட்டு இதைச் சரி பண்ணலைன்னா எப்படி?

முதல் பாடம்: நாற்றத்தை வாசனை போட்டு மூட முடியாது. எங்கேயோ தேங்கியிருக்கும் உணவையும் எண்ணெயையும் பாக்டீரியா சிதைப்பதால்தான் வாடை வருது. அந்த இடங்களைத் தேடணும்.

1. ஃபில்டர்: கீழ்க் கூடையை எடுத்தால் அடியில் உருளையாக இருக்கும். பெரும்பாலான மாடல்களில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால் வந்துவிடும். எங்க வீட்டில் அதுக்குள்ள சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, மீன் முள்! வெந்நீர், சோப்பு, பழைய டூத்பிரஷ் போதும். கம்பி நார் வேண்டாம், வலை கெட்டுடும்.

2. கதவு: ரப்பர் மடிப்பிலும் கீழ் விளிம்பிலும் தண்ணீர் சரியாகப் படாது. ஈரத்துணியால் துடைங்க.

3. ஸ்ப்ரே ஆர்ம்: துளைகள் அடைத்திருந்தால் டூத்பிக்கால் எடுங்க.

4. டிரெயின் ஹோஸ்: ஒரு இடத்தில் மேலே ஏறி வளைந்து இறங்கணும். தாழ்வாகக் கிடந்தால் சிங்க் கழிவுநீர் மெஷினுக்குள் திரும்ப வரலாம்.

அடுத்து, மேல் கூடையில் ஒரு கிண்ணத்தில் ஒரு கப் வெள்ளை வினிகர் வைத்து, காலி மெஷினை அதிக சூட்டில் ஓட்டுங்க. சூடு கொழுப்பை உருக்கும். மீன் வாடைக்குக் காரணமான ட்ரைமெத்திலமைன் ஒரு காரம். அமிலம் பட்டால் எளிதில் ஆவியாகாத உப்பாகிடும். பாட்டி மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும் இதே கெமிஸ்ட்ரிதான்! ஆனா அடிக்கடி ஊற்றினால் ரப்பர் கெடலாம், மேனுவலைப் பாருங்க. பேக்கிங் சோடாவையும் கூடவே போடாதீங்க. ஒன்றையொன்று சமன் செய்து இரண்டும் வீணாகும்.

இப்போ முக்கியமான எச்சரிக்கை. "பிளீச்சும் கொஞ்சம் ஊத்தவா?"ன்னு தம்பி பாட்டிலோட வந்துட்டான். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அடைத்த சமையலறையில் அது நுரையீரலுக்கே ஆபத்து. தனியாக ஊற்றினாலும் பிளீச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிக்கும். பாட்டிலைப் பிடுங்கி வெச்சுட்டேன்.

இனி தினமும் செய்ய வேண்டியது ரெண்டே வேலை. எச்சிலை வழித்துப் போட்டுவிட்டுத் தட்டை அடுக்கணும். ஓடி முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஈரத்தைக் காயவிடணும்.

அன்னிக்கு ராத்திரி அம்மா கதவைத் திறந்து மோந்து பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. தட்டுகளை ஒவ்வொண்ணா உள்ளே அடுக்க ஆரம்பிச்சாங்க.