மலைச் சாலையில் மீண்டும் ஓட்டம்

கேள்வி: இளமையில் தினந்தோறும் ஓடிய பழக்கம் பல வருஷங்களாக விட்டுப்போயிற்று. மேடும் பள்ளமுமான எங்கள் ஊர்ச் சாலைகளில் மறுபடி ஓடத் தொடங்கலாமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், ஆனால், பழைய வேகம் மனத்துக்கு ஞாபகம் இருப்பதைக் கொண்டு சரீரத்துக்கும் அது ஞாபகம் இருக்கும் என்று நம்பிவிடலாகாது. இருதயமும் சுவாசமும் சில வாரங்களிலேயே அப்பியாசத்துக்கு இணங்கிவிட, தசைநாண்களும் எலும்புகளும் பலம் பெற மாதக்கணக்கில் அவகாசம் கேட்கின்றன என்பதே, உற்சாகத்தோடு ஆரம்பிப்பவர்களில் பலர் குதிகால் வலியாலும் முழங்கால் வலியாலும் இடையில் நின்றுவிடுவதற்குக் காரணம்.

ஆகையால் முதல் மாதத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், கூடுமானவரை சமதரையில் மெல்ல ஓடி, ஏற்றம் வந்தால் கூச்சமின்றி நடந்து, பேசிக்கொண்டே போகக்கூடிய அளவில் மூச்சை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும்; இறக்கமோ, தொடைத் தசைகள் நீண்டுகொண்டே தேகத்தின் பாரத்தைத் தாங்கவேண்டியிருப்பதால், இரண்டொரு நாள் நீடிக்கும் வலியைத் தந்துவிடும். குறுகிய அடிகளாக வைத்து இறங்கிப் பழகினால், அத்தசைகளே நாளடைவில் உறுதிபெறும்.

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பெர்க் இருவரையும் நியூசிலாந்தின் வைட்டாக்கரே மலைச் சாலைகளில் பயிற்றுவித்த ஆர்தர் லிடியார்டு, தேகத்தைப் பழக்கவேண்டுமேயன்றி வதைக்கலாகாது என்றே வற்புறுத்தி வந்தார்.

வைத்தியரிடம் தேகநிலையைப் பரீட்சித்துக்கொண்டு, இந்த வாரமே புறப்படுங்கள். வேகத்தைப் பற்றிய கவலையை விடுத்து, நியமம் தவறாமையை மட்டும் விரதமாகக் கொள்ளுங்கள்.