மாதிரி விமானத்திற்கு ஏற்ற செர்வோவைத் தேர்ந்தெடுத்தல்

வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானம் விளையாட்டுப் பொருள்போல் தோன்றலாம். ஆயினும், இரண்டரைக் கிலோ எடையுடன் விரைந்து வரும் பொருள் கட்டுப்பாட்டை இழந்தால், கீழே நிற்பவர் உயிருக்கே ஊறு நேரக்கூடும். அக்கட்டுப்பாட்டைத் தாங்கி நிற்பது ஏறத்தாழத் தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சிறு பொறி. அதன் பெயர் செர்வோ. அதனை விலையையோ பெயரையோ மட்டும் நோக்கி வாங்குதல் தகாது. கணக்குப் பார்த்தே வாங்குதல் வேண்டும். அக்கணக்கு யாதென இப்பாடத்தில் காண்போம்.

அமைப்பு

செர்வோவினுள் ஒரு சிறிய மின்மோட்டார், பற்சக்கர வரிசை, மின்சுற்று, திரும்பிய கோணத்தை அளந்து அறிவிக்கும் மாறுமின்தடை ஆகியவை உள்ளன. தரையில் நிற்பவர் குச்சியை அசைத்ததும், விமானத்திலுள்ள ஏற்பிக் கருவி அக்கட்டளையை மின்துடிப்புகளாகச் செர்வோவிற்கு அனுப்பும். பொதுவாக நொடிக்கு 50 துடிப்புகள் செல்லும். ஒரு துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால் செர்வோவின் கை நடுவில் நிற்கும். 1 மில்லிநொடியாயின் ஒருபுறமும், 2 மில்லிநொடியாயின் மறுபுறமும் திரும்பும். அக்கை, ஒரு மெல்லிய கம்பியின் வழியாக இறக்கை மடலையோ வால் மடலையோ அசைக்கிறது.

வலிமை

கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் மிகுந்த வலு வேண்டும். பிடிக்கு அருகில் தள்ளினால் சிறிது வலுவே போதும். செர்வோவின் முறுக்கு விசையும் இவ்வாறே தொலைவைப் பொறுத்தது. 4 கிலோ-செ.மீ. எனக் குறிக்கப்பட்ட செர்வோ, அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் 4 கிலோவையும், 2 செ.மீ. தொலைவில் 2 கிலோவையும் தாங்கவல்லது. ஆதலின், கம்பியைச் செர்வோக் கையின் உள்துளையிலும் மடற்கொம்பின் வெளித்துளையிலும் பூட்டினால் மடலுக்கு வலு கூடும். ஆனால் அசைவின் அளவு குறையும்.

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பலாகாது; அது எந்த மின்னழுத்தத்திற்கு உரியது என்பதையும் நோக்குக. ஃபுதாபா எஸ்3003 என்னும் செர்வோவின் வலிமை 4.8 வோல்ட்டில் 3.2 கிலோ-செ.மீ.; 6 வோல்ட்டில் 4.1 கிலோ-செ.மீ. ஆகும். குறித்த அளவிற்கு மேல் மின்னழுத்தம் தந்தால் செர்வோ கருகிவிடும்.

எவ்வளவு வலிமை தேவை?

1.5 மீட்டர் இறக்கையும் 2.5 கிலோ எடையும் உடைய பயிற்சி விமானத்திற்கு 3 கிலோ-செ.மீ. பொதுவாகப் போதும். ஆனால் வேகம் இருமடங்கானால், மடலை எதிர்க்கும் காற்றின் விசை நான்மடங்காகும். எனவே விரைவு விமானத்திற்கும் பெரிய மடல்களுடைய சாகச விமானத்திற்கும் வலிமை மிக்கவை தேவை.

அதற்காக வேண்டாத வலிமைக்குப் பணம் இறைத்தலும் அறிவுடைமையன்று. 'விரலுக்கேற்ற வீக்கம்' என்பர் நம் முன்னோர். சாதாரண செர்வோ ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். கனமான செர்வோவை வாலருகே வைத்தால், காண்டாக் கம்பில் ஒரு பக்கப் பால்வாளி கனத்ததுபோல் விமானம் சாயும்.

பற்சக்கரம்

நைலான் பற்சக்கரம் எடை குறைந்தது, மலிவானது. ஆயினும் மோதலில் பல் உடையும். உலோகச் சக்கரம் உறுதியானது. எனினும் நாளடைவில் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். பயிற்சி விமானத்திற்கு நைலானே போதுமானது. டிஜிட்டல் செர்வோ விறைப்பாக நிற்கும். ஆனால் மின்கலத்தை விரைவில் தீர்க்கும்.

பறக்குமுன்

கம்பியைக் கழற்றி, மடல் தடையின்றி அசைகிறதா என்று விரலால் பார்க்கவும். கம்பியைப் பூட்டியபின், குச்சியைத் தொடாதபோதும் செர்வோ ஓயாது முனகினால் எங்கோ இறுக்கம் உண்டு. அதனை நீக்காமல் பறக்கவிட்டால் மின்கலம் வானிலேயே தீர்ந்துவிடலாம். பெற்றோரும் இச்சோதனையில் பிள்ளைகளுடன் உடனிருத்தல் நலம்.

பயிற்சி: 3 கிலோ-செ.மீ. வலிமையுள்ள செர்வோ, 1.5 செ.மீ. தொலைவில் எத்தனை கிலோவைத் தாங்கும்? கணக்கிட்டு ஆசிரியரிடம் காட்டுக.