ரோஸ்மேரிக்குத் தண்ணிதான் எமன்

தலைமுடிக்கு ரோஸ்மேரித் தண்ணி தெளிக்கிற மோகத்துல நீயும் ஒரு தொட்டி வாங்கிட்டே. முடி வளருதோ இல்லையோ, செடி பிழைக்கணும்ல? துளசிக்கு ஊத்துற கையோட இதுக்கும் தினமும் ஒரு செம்பு ஊத்துறதை முதல்ல நிறுத்துடி.

அது மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுல வளர்ற ஜாதி. இலையைத் திருப்பிப் பாரு. ஓரம் உள்பக்கமா சுருண்டிருக்கும், அடியில வெள்ளையா பூனைமுடி இருக்கும். ஈரம் வீணாகாம இருக்க அதுவே செஞ்சுக்கிட்ட ஏற்பாடு. கடும் வெயிலும் வறட்சியும் இலைக்குள்ள உண்டாக்குற சேதத்தைத் தாங்க கார்னோசிக் அமிலமும் வச்சிருக்கு. ஊட்டி, கோத்தகிரி குளிர்ல நல்லா வரும். சென்னைப் புழுக்கத்துல கொஞ்சம் சிணுங்கும், அவ்வளவுதான்.

அடியில ஓட்டை இருக்கிற மண்தொட்டி, செம்மண்ணோட தாராளமா பெருமணல், 6 மணி நேர வெயில். விரலை ரெண்டு கணு விட்டுப் பாரு, காஞ்சிருந்தா மட்டும் ஊத்து. இலை பழுப்பானதும் தாகம்னு நினைச்சுடாதே. வேர் அழுகினாலும் அப்படித்தான் தெரியும். ஐப்பசி மழைக்குத் தொட்டியைத் தாழ்வாரத்துல இழுத்து வை. இன்னொரு செடி வேணும்னா விதையை நம்பாதே, முளைக்கிறது குறைவு. 10 செ.மீ. நுனித்தண்டை வெட்டி, கீழ் இலையை உருவிட்டு மணல்ல செருகு.

வெட்டின தழையைக் கொத்தமல்லி விதைச்ச தொட்டியில மட்டும் பரப்பிடாதே. நீலகிரித் தைலத்துல இருக்கிற அதே சினியோல் இதுலயும் இருக்கு. பக்கத்து விதையை முளைக்க விடாம அடக்குற குணம் அதுக்கு உண்டு. களைக்கு ரோஸ்மேரி எண்ணெய் வாங்கி அடிக்கலாமான்னு கேட்டியே, வளர்ந்த களைக்கு அது பத்தாது. கிராம்பு எண்ணெய்தான் காட்டம். அதுல இருக்கிற யூஜினால் இலைச் செல்லோட சவ்வை உடைச்சுடும். உள்ளே இருக்கிற ஈரம் கசிஞ்சு, வெயில்ல இலை கருகிடும்.

ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி எண்ணெய். ஒட்டாம மிதக்கும், அதனால கொஞ்சம் திரவ சோப்பு சேர்த்துக் குலுக்கிக்கிட்டே அடி. ரெண்டு மூணு இலை விட்ட குட்டிக் களையா இருக்கணும், காத்தில்லாத நல்ல வெயிலா இருக்கணும், இலை முழுக்க நனையணும். நல்ல செடி, கெட்ட செடின்னு அதுக்குத் தெரியாது. உன் ரோஸ்மேரி மேல பட்டாலும் கருக்கும். விலையைப் பார்த்தா தோட்டம் முழுக்க அடிக்க மனசு வராது. வாசல் கல் இடுக்கு, மொட்டைமாடி விரிசல், அதோட நிறுத்திக்கோ. கையுறை போடு, கண்ணுல தெறிச்சா எரிஞ்சு தொலைக்கும். பூனை இருக்கிற வீடு வேற உன்னுது. அதுக்கு இந்த எண்ணெய் விஷம், அந்தப் பக்கமே விடாதே.

கோரைக்கும் மூக்கிரட்டைக்கும் இதெல்லாம் வேலைக்காகாது. மேல கருகும், கீழே கிழங்கும் வேரும் சௌக்கியமா இருந்து மறுபடி துளிர்க்கும். மழை பேஞ்ச மறுநாள், மண்ணு இளகியிருக்கும்போது களைக்கொத்தைப் போட்டு அடியோட எடு.