சுவருக்குப் புடைப்பு, தரைக்குப் பூக்கல்

வீடு கட்டுவோர் அடித்தளம் எவ்வளவு ஆழம், கூரைக்கு எவ்வளவு கம்பி என்பனவற்றைக் கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் கேட்டறிகின்றனர். ஆனால் ‘டைல்ஸ்’ எனப்படும் அலங்கார ஓடுகளை மட்டும் கடையில் நின்று கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுத்து விடுகின்றனர். கடையில் விளக்கொளியில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும் ஓடு, வீட்டிலே ஈரத்தோடு காலடியில் கிடக்கப் போகிறது என்பதை அப்போது எண்ணுவதில்லை. ஓட்டின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டுமா, சொரசொரப்பாக இருக்க வேண்டுமா, பூவும் கொடியும் புடைத்து நிற்க வேண்டுமா என்பதை அது அமையும் இடமே முடிவு செய்ய வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குச் செட்டிநாட்டு வீடுகளைக் காட்டிலும் நல்ல பாடம் வேறில்லை எனலாம்.

சுவரில் புடைப்பு ஓடுகள்

பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வாணிகம் செய்த நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுக்காலம் தம் ஊர்களில் பெரிய வீடுகளை எழுப்பினர். பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து பளிங்கும், இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மெருகு ஓடுகளும் கப்பலேறி வந்தன. அம்மெருகு ஓடுகளில் பல புடைப்பு ஓடுகள் ஆகும்.

நுண்ணிய களிமண் பொடியைச் சித்திரம் செதுக்கிய அச்சில் வைத்து அழுத்தினால் பூவும் இலையும் மேடாக எழும். அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ண மெருகைப் பூசிச் சூளையில் இடுவர். உருகிய மெருகு பள்ளங்களில் தேங்கி அடர்ந்த நிறம் காட்டும். மேடுகளில் மெலிந்து வெளிர் நிறம் காட்டும். ஒரே ஒரு பச்சை வண்ணத்தால் இலையின் நரம்பும் நிழலும் தோன்றுவது இதனால்தான். ஆகவே, இங்கே புடைப்பு என்பது வெறும் மேடுபள்ளமன்று. அதுவே வண்ணந்தீட்டும் தூரிகையாகவும் அமைகிறது.

இவ்வோடுகளை அவ்வீடுகளில் சுவரிலே காண்கிறோம். காரணம் எளியது. புடைப்பின் மேட்டில் கால் பட்டால் மெருகு தேயும். பள்ளத்தில் மண் சேரும். மேலும், சுவருக்கென்று செய்யப்படும் பீங்கான் ஓடு நுண்துளைகள் மிக்கது. தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் நீரை உறிஞ்ச வல்லது. தரைக்கான ‘விட்ரிஃபைடு’ ஓடு உறிஞ்சும் நீரோ நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேற்படாது. அது இறுகியது, வலியது. சுவர் ஓட்டைத் தரையில் பதித்து, அதன்மேல் கட்டிலையும் பீரோவையும் நிறுத்தினால் விரிசல் காணும்.

தரையில் பூக்கல்

தரைக்கு இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள ஆத்தங்குடியின் கைவினைஞர்கள் வேறொரு வழி கண்டனர். அவர்கள் செய்யும் பூக்கல்லுக்குச் சூளை தேவையில்லை. கண்ணாடித் துண்டொன்றின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வடிவில் தடுப்புகள் கொண்ட அச்சைப் பொருத்துவர். சிமெண்டும் வண்ணப்பொடியும் நீரும் சேர்ந்த குழம்பைக் கரண்டியால் முகந்து, ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய நிறத்தை ஊற்றுவர். பின்னர் கை நடுங்காமல் அச்சைத் தூக்குவர். உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த கலவையை அதன்மேல் தூவினால், மிகுந்த ஈரத்தை அது உறிஞ்சிக் கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பிக் கரணையால் மட்டம் செய்வர். காய்ந்தபின் சில நாள் நீரில் ஊறவிடுவர். சிமெண்டு நீரோடு கூடித்தான் இறுகும் என்பதால் இந்த ஊறல் இன்றியமையாதது. இறுதியில் கண்ணாடியை விலக்கினால் அதன் வழவழப்பு அப்படியே கல்லில் படிந்திருக்கும்.

இங்கே பூ, கண்ணுக்கு மட்டும் புலப்படுகிறது; காலுக்குப் புலப்படுவதில்லை. வெறுங்காலுடன் நடக்கவும், தரையில் அமர்ந்து உண்ணவும், பாய் விரித்துப் படுக்கவும் செய்த வீட்டுக்கு இதுவே பொருத்தம். நடக்க நடக்க இதன் பளபளப்பு கூடும். ஆயினும் சிமெண்டு காரத்தன்மை உடையது. அமிலம் கலந்த துப்புரவு நீர்மத்தால் கழுவினால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு நிறம் மங்கும். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும்.

வழுக்கலும் சொரசொரப்பும்

குளியலறைக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. வழவழப்பான தரையில் சோப்பு நீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவி, பாதத்தையும் ஓட்டையும் பிரித்துவிடுகிறது. பாதம் பிடிமானம் இழக்கிறது. மேற்பரப்பில் நுண்ணிய மேடுகள் இருந்தால் அவை அப்படலத்தைக் கிழித்துப் பாதத்தைத் தொடும். இங்கே சொரசொரப்பு அழகுக்கன்று, காப்புக்கு.

இதனை அளக்க ஜெர்மானியச் சோதனை முறைகள் உள்ளன. சாய்தளத்தில் ஓடு பதித்து, எண்ணெய் தடவி, காலணி அணிந்தவரை நடக்கவிட்டு, எத்தனை பாகைச் சாய்வில் வழுக்குகிறது எனப் பார்த்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் பிரிப்பர். வெறுங்காலுக்குச் சோப்பு நீரில் தனிச் சோதனை உண்டு. அதில் ஏ, பி, சி என மூன்று தரங்கள். ‘ஏ’ 12 பாகையும், ‘பி’ 18 பாகையும், ‘சி’ 24 பாகையும் தாங்க வேண்டும். குளியலறையில் நாம் வெறுங்காலுடனேயே நிற்கிறோம். ஆதலால் நாம் முதலில் கேட்க வேண்டியது இந்த எழுத்துத் தரத்தையே. சிறிய ஓடுகளைப் பதித்தால் இணைப்புக் கோடுகள் மிகுந்து பிடிமானம் மேலும் கூடும்.

ஒளியும் அழுக்கும்

புடைப்பு ஓட்டுக்கு உயிர் கொடுப்பது பக்கவாட்டு ஒளி. சன்னலை ஒட்டிய சுவரில் வெளிச்சம் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு மேடும் நிழல் தரும். நேர் எதிரே விளக்கை வைத்தால் அந்நிழல் மறைந்து, சுவர் தட்டையாகத் தோன்றும். எனவே விலை உயர்ந்த புடைப்பு ஓடுகளை நான்கு சுவர்களிலும் பதிப்பதைவிட, ஒளி சாய்ந்து விழும் ஒரு சுவரில் மட்டும் பதிப்பது சிக்கனமும் அழகும் ஆகும். அடுப்பின் பின்சுவரில் இதனைத் தவிர்த்தல் நலம். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் பள்ளங்களில் படிந்தால், அதைத் துடைக்கும் வேலை நாள்தோறும் வீட்டுப் பெண்களுக்கே வந்து சேர்கிறது.

முடிவுரை

2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அவ்வீடுகளின் செல்வத்தை நம்மால் பின்பற்ற இயலாது. அவற்றின் அறிவைப் பின்பற்ற இயலும். ஓடு வாங்கச் செல்லும்போது இந்த ஓட்டைக் கால் தொடுமா, இதன்மேல் நீர் நிற்குமா, ஒளி எப்பக்கமிருந்து விழும், இதைத் துடைக்கப் போவது யார் என்னும் நான்கு வினாக்களை மனத்தில் கொள்வோமாக. விடை கிடைத்த பின் நிறத்தையும் பூவையும் பார்க்கலாம். ஈரத் தரையில் வழுக்கி விழுந்த முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அவர் மீண்டும் முன்போல் நடமாடுவது அரிது. நம் வீட்டுப் பாட்டியும் தாத்தாவும் அஞ்சாமல் கால் வைக்கும் தரையே அழகிய தரை ஆகும்.