குளிர் நாட்டுக் குவின்ஸ் - தொட்டியில் வளர்க்கும் முறை

சிம்லா போன்ற மலையூரில் இருப்பவர்கள் எந்தப் போன்சாய் வளர்க்கலாம் என்று சங்க அன்பர்கள் சிலர் கேட்டார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் இதுவே எனக்குப் பொழுதுபோக்கு. பூக்கும் குவின்ஸ் என்பதே என் பதில். ரோஜாவின் குடும்பம், முள் உண்டு. ஒரு வகை சீனாவுக்கும், ஒரு வகை ஜப்பானுக்கும் சொந்தம். போன்சாய்க்கு ஜப்பானியர் விரும்புவது 'சோஜுபாய்' என்னும் குட்டை வகை. குளிர் தணியும்போது, இலை வருமுன்பே வெறுங்கிளையில் பூத்து நிற்கும்.

குளிர்: இலை உதிர்ந்து குளிரில் தூங்கினால்தான் மரம் ஒழுங்காகப் பூக்கும். பரிதாபப்பட்டு ஹீட்டர் அறைக்குள் கொண்டு வராதீர்கள். வேர் உறையாதபடி வெளியே சுவரோரம் வைத்தால் போதும்.

மண்: தண்டவாளத்தின் அடியில் ஜல்லி போடுவதன் ஒரு காரணம், தண்ணீர் தேங்காமல் வடிவது. தொட்டிக்கும் அதே விதிதான். உடைத்துச் சலித்த செங்கல் துண்டு, பருமணல், மக்கிய இலை உரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். தூளைச் சலித்துக் கழித்துவிடுங்கள்.

கவாத்து: மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். ஆகவே பூ முடிந்ததும் வெட்டுங்கள். குளிர்காலத்தில் வெட்டினால் அடுத்த பூவையே வெட்டுகிறீர்கள். முற்றிய கிளை வளையாது, ஒடியும். கம்பி கட்டுவதானால் இளங்கிளையில் கட்டுங்கள். அடியில் வேர்க்கன்றுகள் ஓயாமல் கிளம்பும். நான்கைந்தை விட்டு மற்றவற்றை நீக்கினால் அழகான புதராக அமையும். காய் பிடித்தால் கிள்ளிவிடுங்கள். சின்ன மரம் களைத்துப்போகும்.

தொட்டி மாற்றம்: இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை, இலையுதிர்காலத் தொடக்கத்தில் செய்யுங்கள். வசந்தத்தில் வேரை வெட்டினால் கழலை நோய் பற்ற வாய்ப்பு அதிகம்.

கோடை விடுமுறை: நம் வீடுகளில் இதுதான் பெரிய சோதனை. மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆழமில்லாத தொட்டி வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். பெரிய டப்பில் ஈரமணல் நிரப்பி, தொட்டியை விளிம்பு வரை புதைத்து, நிழலில் வையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தால் ஒருமுறை அவர்கள் கையாலேயே ஊற்றச் சொல்லிக் காட்டுங்கள்.

ஓய்வு பெற்றுச் சென்னைக்கோ மதுரைக்கோ திரும்புகிறவர்கள் இதை உடன் கொண்டுபோக வேண்டாம். அந்த வெப்பத்தில் பூக்காமல் நலிந்துவிடும். இங்கேயே இருக்கும் அன்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, ஊரில் ஆலோ, போகன்வில்லாவோ தொட்டியில் தொடங்குங்கள்.